குபேர மூலைக்கு வைஃபை வராது

எங்கள் அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் ஒரு காலத்தில் தண்ணீர் லாரி வரும் நேரமும், மோட்டாரை நிறுத்த மறந்தவர் யார் என்ற விசாரணையும்தான் ஓடிக்கொண்டிருக்கும். இப்போதெல்லாம் காலை வணக்கத்துக்கு அடுத்தபடி வருவது ஸ்பீடு டெஸ்ட் படம். அரைவட்ட மீட்டர், ஒரு முள், கொட்டை எழுத்தில் ஓர் எண். மூன்றாம் மாடி சார் 287 என்று போட்டால், முதல் மாடி மேடம் அரை மணி நேரத்துக்குள் 291 என்று போடுவார். கட்டைவிரலை உயர்த்தாதவருக்கு வயிற்றெரிச்சல் என்று பொருள்.

இவ்வளவு வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். சார் பழைய பாட்டு கேட்கிறார். மேடம் மகளோடு வீடியோ காலில் பேசுகிறார். மகள் இருப்பது அடுத்த தெருவில்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. அப்போது டெலிபோன் வழியாக, மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி முடித்த பிறகுதான் ஏதாவது வரும். 2004இல் அரசாங்கம் 256 கேபிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்ட் என்று தீர்மானித்தது. 2013இல் அதை 512 ஆக்கி, 2023இல்தான் 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தினார்கள். அந்தக் கணக்குப்படி மூன்றாம் மாடியில் மட்டும் நூற்று நாற்பதுக்கு மேல் பிராட்பேண்ட் ஓடுகிறது. கேட்பது ஒரு பாட்டு.

லீவுக்கு வந்த அக்கா மகன் ஒரு கேமை டவுன்லோடு போட்டுவிட்டு, "மாமா, உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க" என்றான். 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறேன். திரையில் 37ஐத் தாண்டவில்லை. யாரும் ஏமாற்றவில்லையடா என்று உட்கார வைத்துச் சொன்னேன். ஒரு சவரனுக்கு எட்டு கிராம், ஒரு பைட்டுக்கு எட்டு பிட். விற்கிறவர் பிட்டில் விற்கிறார், டவுன்லோடு பைட்டில் காட்டுகிறது. 300ஐ எட்டால் வகுத்தால் முப்பத்தேழரை. அவன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துத்தான் நம்பினான்.

ஸ்பீடு டெஸ்டுக்கும் ஒரு சாமர்த்தியம் உண்டு. அது பக்கத்தில் இருக்கிற சர்வராகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். சென்னையில் உட்கார்ந்து சோதித்தால், பெரும்பாலும் சென்னையிலேயே போய்விட்டுத் திரும்பும். நீங்கள் பார்க்கப்போகும் தளம் சிங்கப்பூரில் இருந்தால் கதை வேறு. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்துக் கடலுக்கடியில் போட்ட கேபிள் ஒன்றின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படி ஓடியும் போய்த் திரும்ப 30 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிவிடும். எந்தப் பிளான் போட்டாலும் இந்தத் தூரம் குறையாது. சாயங்காலக் கூட்டம் தனி. ஒரே ஃபைபர் இழையை 32, 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். கிரிக்கெட் மேட்ச் அன்று அத்தனை வீடும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கும்.

ஆனால் கடலையும் கம்பத்தையும் திட்டுவதற்கு முன்னால் வீட்டுக்குள் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் முக்கால்வாசி வேகம் செத்துப்போவது மோடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில்தான்.

இணைப்பு கொடுக்க வந்த தம்பி வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். எந்தச் சுவரில் டிரில் போட்டால் தன் வேலை சீக்கிரம் முடியும் என்பதுதான் அவர் பார்வை. வாசல் பக்கம், செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால், மோடம் குடியேறியது. அங்கிருந்து படுக்கையறைக்கு ஹால் சுவர், ஃப்ரிட்ஜ், இன்னொரு சுவர், அதற்கப்புறம் இரும்பு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 சுவரைத் தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அந்த மூன்றிலும் மொத்த அடுக்ககமும் உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். யாராவது ஆறிப்போன சாம்பாரைச் சூடுபண்ணினால் என் மீட்டிங்கில் மேனேஜர் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார்.

போனை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க அளந்தேன். செருப்பு ஸ்டாண்டில் 290, சோபாவில் 160, சாப்பாட்டு மேசையில் 70, பீரோவுக்கு அந்தப் பக்கம் 9. செருப்புகளுக்கு அருமையான இணைப்பு. மூன்றாம் மாடி சாரிடம், "நீங்க எங்க நின்னு டெஸ்ட் எடுக்கிறீங்க சார்?" என்று கேட்டேன். "மோடத்துக்குப் பக்கத்துலதான். வேற எங்க நின்னு எடுப்பாங்க?" என்றார், என்னை ஒரு மாதிரி பார்த்து.

பீரோவை இரண்டடி தள்ளினால் போதும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். இரும்பு அலையைத் திருப்பி அனுப்பிவிடும் என்று விஞ்ஞானமும் சொன்னேன். "என்னங்க, அது குபேர மூலை. பீரோவை நகர்த்தி, வர்ற பணம் நின்னுபோச்சுன்னா உங்க நெட்டா கொண்டாந்து கொடுக்கும்?" என்று பதில் வந்தது. மாமியார் ஊரிலிருந்து போனில் வழிமொழிந்தார்.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால், "500 பிளானுக்கு மாறிக்கோங்க சார், சரியாயிடும்" என்கிறார்கள். 500க்கு மாறினால் செருப்பு ஸ்டாண்டில் 500 வரும், பீரோவுக்குப் பின்னால் அதே 9தான் வரும். மாதாமாதம் பிளானை உயர்த்துவதைவிட ஒரே ஒரு முறை ஒயர் இழுப்பது மேல் என்பது என் கட்சி. வாசல் நிலைக்கு மேலே, மாவிலைத் தோரணத்தை ஒட்டி, கிளிப் அடித்துக் கொண்டுபோனோம். லேப்டாப்பில் செருகினால் 94. காலையிலும் 94, ராத்திரியிலும் 94. "ஒயர்ல அவ்வளவுதான் சார் வரும்" என்றார் தம்பி. அந்த ஒயருக்குள் எட்டு இழை. நாலு இழை இருந்தால் 100 வரை ஓடும். அதற்கு மேல் போக எட்டும் வேண்டும். பிளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழுப்பு நிற இழை ஒன்று உள்ளே போகாமல் ஓரமாக மடங்கி நின்றது. வெட்டி, எட்டையும் வரிசைப்படுத்தி, மறுபடி கிரிம்ப் பண்ணச் சொன்னேன். 288.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஈபி ஷட்டவுன். மின்விசிறி சுற்றுகிறது, டிவி ஓடுகிறது, லேப்டாப்பில் நெட் இல்லை. செருப்பு ஸ்டாண்டு பக்கத்து பிளக் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் சேரவில்லையாம். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, லைன் இழுக்க வேண்டுமானால் பூஜை அலமாரியைக் கழற்றி அதற்குப் பின்னால் துளை போட வேண்டும் என்கிறார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.