திண்டிவனம் ரோட்டுப் பெரியவர்

மாலை ஆறு மணிக்கு மேல் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். வண்டியே ஓடாத அந்த ரோட்டில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ரோடுகளைப் பற்றி மட்டுமே பேசுகிற ஒரு பெரியவரை நீங்கள் சந்திக்கக்கூடும். வெளுத்த சட்டை, மடித்த குடை, எழுபதைத் தாண்டிய வயது. தெருவுக்கு ஒருத்தர் நிச்சயம் உண்டு.

முதல் கேள்வியே, "எந்த வழியா வந்தீங்க?" என்பதுதான். ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை என்று சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். "அதெல்லாம் ஒரு ரோடா சார்? மரக்காணம் உப்பளத்தைப் பாத்து கண்ணு கூசி முடியறதுக்குள்ள ஊர் வந்துடுது!"

அவருடைய ரோடு மெட்ராஸிலிருந்து செங்கல்பட்டு, மதுராந்தகம், அச்சிறுபாக்கம், திண்டிவனம், கிளியனூர் வழியாக வருவது. மதுராந்தகம் ஏரி நிரம்பியிருக்கிறதா என்று பஸ்ஸே எட்டிப் பார்க்கும். இரண்டு பக்கமும் புளியமரம். திண்டிவனத்தில் டிரைவர் டீ குடித்து, கண்டக்டர் டீ குடித்து, கடைசியில் எஞ்சினுக்கும் தண்ணீர் காட்டுவார்கள். கோரிமேடு வந்ததும் ஜிப்மர் ஆஸ்பத்திரி. "உடம்பு முடியாதவங்க அங்க இறங்கிடுவாங்க. மத்தவங்க அதைத் தாண்டி இறங்கி உடம்பைக் கெடுத்துக்குவாங்க" என்பார்.

அதற்குக் காரணம் இருந்தது. தமிழ்நாட்டில் 1971இல் திறந்த மதுக்கடைகள் 1974இல் மறுபடி மூடப்பட்டன. 1981 வரை திறக்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் போனபோதும் கடை மூடவில்லை, அதற்குப் பிறகும் மூடவில்லை. பெரியவருக்கு அப்போது இருபது சொச்சம் வயது. மெட்ராஸிலிருந்து சித்தப்பா, ஒன்றுவிட்ட மச்சான், மச்சானின் மேலதிகாரி என்று சனிக்கிழமை தவறாமல் ஆட்கள் வந்து இறங்குவார்கள். மணக்குள விநாயகரைத் தரிசிக்கத்தான். ஐந்து நிமிடத்தில் தரிசனம் முடிந்ததும், "தம்பி, ஊர்ல வேற என்ன விசேஷம்?" என்பார்கள்.

அந்த விசேஷத்துக்கு இவர்தான் வழிகாட்டி. தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து பீர் கம்பெனியைச் சுற்றிக் காட்டியிருக்கிறாராம். பார்லியை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, வெந்நீரில் ஊறப்போட்டு, ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவிட்டு, ஈஸ்ட் சேர்த்து வாரக்கணக்கில் தொட்டியில் வைப்பது வரை அங்கிருந்த இன்ஜினியர் விளக்கினாராம். இதைப் பெரியவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். கடைசி அறையில் 'சாம்பிள்' கொடுத்த கட்டம் மட்டும் முக்கால் மணி நேரம் ஓடும். போன வருஷம் ஒரு கிளாஸாக இருந்தது, இந்த வருஷம் மூன்றாகியிருக்கிறது. ஆரியபாளையம் அரசு வடிசாராய ஆலையைப் பற்றிக் கேட்டால், "வெளியிலிருந்து வாசனை பிடிச்சதோட சரி" என்று அடக்கமாகச் சொல்வார்.

திரும்பும் பயணத்துக்கும் அவரே ஆலோசகர். புதுச்சேரி எல்லை துண்டு துண்டாகக் கிடப்பது. "ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்க கடை, அந்தப் பக்கம் உங்க போலீஸ்" என்பார். ஃபிளாஸ்க்கில் எவ்வளவு கொள்ளும், தூக்குவாளியில் எவ்வளவு கொள்ளும், செக்போஸ்டில் எந்த முகத்தோடு உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பிறகு தமிழ்நாட்டில் கடைகள் திறந்தன. 2003இல் டாஸ்மாக்கே கடை நடத்த ஆரம்பித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்து பயணமும் சுருங்கியது. இப்போது வருகிற மருமகப்பிள்ளைகள் போனைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறார்கள். ஊருக்குள்ளேயே கண்ணெதிரே பீர் காய்ச்சித் தரும் இடத்தில் படம் எடுத்துக்கொண்டு, மாமாவிடம் சொல்லாமலே திரும்பிவிடுகிறார்கள்.

புளியமரம், ஏரிக்காற்று, திண்டிவனத்து டீ எல்லாம் சாக்கு. ஊரே தன்னைத் தேடி வந்த காலத்தைத்தான் அவர் 'பழைய ரோடு' என்கிறார். ஆகவே, அடுத்த முறை அவர் உங்களைப் பிடித்துக்கொண்டால் திண்டிவனம் வழியாகத்தான் வந்தேன் என்று சொல்லிவிடுங்கள். டோல்கேட்டில் கட்டிய காசைவிட இந்தப் பொய் மலிவு.