அப்பாயியின் செப்புக்குடம்

கேள்வி: எங்கள் அப்பாயி வைத்திருந்த செப்புக்குடம் நசுங்கிவிட்டது. சுத்தியலால் தட்டத் தட்ட விறைத்துக்கொள்கிறது. விளிம்பில் கீறலும் விழுந்துவிட்டது. செம்பு இளகிய உலோகம் என்கிறார்களே?
– வாசகர், பசறை

பதில்: இளகியதுதான், நீங்கள் சுத்தியலை எடுக்கும்வரை! ஒவ்வோர் அடிக்கும் உள்ளிருக்கும் படிகங்கள் கோணி, ஒன்றையொன்று நகரவிடாமல் சிக்கிக்கொள்ளும். அதிகம் அடிபட்டால் மனிதரும் இறுகித்தானே போகிறார்கள்? அதற்கு மேலும் தட்டினால் கீறல்தான்.

பரிகாரம் நெருப்பு. மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் முக்குங்கள். அப்படிச் செய்தால் உருக்கு இறுகும், செம்போ இளகும். மறுபடி இறுகினால் மறுபடி காய்ச்ச வேண்டும். கன்னார் ஒரு குடத்தை இப்படித்தான், அடியும் நெருப்புமாக மாற்றி மாற்றி உருவாக்குகிறார். செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும். லயத்து விறகடுப்பு அதைத் தொடாது.

ஆனால் உள்ளே வெள்ளீயம் பூசியிருந்தால் கையை வைக்காதீர்கள். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகி ஓடிவிடும். நசுங்கிய இடத்தை மட்டும் சுடலாம் என்றும் எண்ண வேண்டாம். செம்பு இரும்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மறுபக்கம் பிடித்திருப்பவர் அலறுவார்.

கீறல் நெருப்பில் ஆறாது. அதைப் பற்றவைக்கப் பதுளையில் ஒரு பட்டறையைத் தேடுங்கள். காய்ச்சியதில் படிந்த கறுப்பைப் போக்கப் புளி போதும். குழம்புக்குக் கரைத்து வைத்த புளியை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அடுத்த நசுங்கல் குடத்துக்கு இருக்காது!