கவிழ்த்துப் பார்த்தால் கதை தெரியும்

கேள்வி: பழைய ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் நடிகைகள் அணிந்த தொப்பிகளைச் சிலர் தேடித் தேடிச் சேர்க்கிறார்களே, தலையில் வைத்துக்கொள்ளவா, தலைமேல் வைத்துக் கொண்டாடவா?

பதில்: கொண்டாடத்தான்! தலையில் வைக்கவே கூடாது. வியர்வையும் எண்ணெயும் பழைய கம்பளித் தொப்பிக்கு எமன். 1970-இல் எம்.ஜி.எம். ஸ்டூடியோ தன் உடைக் கிடங்கையே ஏலம் விட்டபோது, நடிகை டெபி ரெனால்ட்ஸ் அள்ளி வாங்கினாரே, அவருக்குக் கோயில் கட்டலாம். 'தி விஸர்ட் ஆஃப் ஆஸ்' (1939) படத்துச் சூனியக்காரியின் கூர்முனைக் கறுப்புத் தொப்பி 2024 டிசம்பர் ஏலத்தில் 29 லட்சம் டாலரைத் தாண்டியது!

தொப்பி கைக்கு வந்ததும் கவிழ்த்துப் பாருங்கள். உள்பட்டையில் தைத்த சிறு துணித்துண்டில் நடிகையின் பெயரோ படத்தின் எண்ணோ இருந்தால் யோகம். ஸ்டூடியோக்காரர்கள் சிக்கனமானவர்கள். இறகைப் பிடுங்கி, ரிப்பனை மாற்றி, நாயகியின் தொப்பியை அடுத்த படத்தில் கூட்டத்தில் நிற்கும் துணை நடிகைக்கு மாட்டிவிடுவார்கள். பிரித்த தையலின் ஊசித் துளைகள் அப்படியே இருக்கும். எனக்கு இறகைவிட அந்தத் துளைகள்தான் அழகு. அந்தத் தொப்பி உழைத்ததற்கு அவைதான் சாட்சி. 'புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன்' என்று யாராவது வந்தால், தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.