முதல் விதி

கேள்வி: பொலிஸாருக்கு ஒழுக்கக்கோவை எழுதும் பொறுப்பை உங்களிடம் கொடுத்தால், முதல் விதி என்ன?
– வாசகி, டிக்கோயா

பதில்: ‘தமிழில் வாசித்துக் காட்டாமல் தமிழரிடம் கையொப்பம் வாங்காதே.’ லயத்திலிருந்து பொலிஸ் நிலையத்துக்கு இறங்கிப் போகிற அக்கா தமிழில் அழுகிறார். வாக்குமூலம் சிங்களத்தில் பதிவாகிறது. அவர் சொன்னதுதான் அதில் இருக்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது முறைப்பாட்டுப் புத்தகம் வரை வந்து சேரவேண்டும்.

இரண்டாம் விதிக்கு நம் மலையகமே ரத்தம் கொடுத்திருக்கிறது. 1940 ஜனவரி 10, முல்லோயாத் தோட்டம். சம்பள உயர்வுக்கான போராட்டத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். விசாரணை ஆணைக்குழு முன் அவர் மனைவிக்காக வாதாடினார் கொல்வின் ஆர். டி சில்வா. அந்த இரண்டாம் விதி: ‘கண்டிப்பாகத் தேவைப்பட்டால் மட்டுமே பலப்பிரயோகம்.’ பொலிஸ் போன்றோருக்கான ஐ.நா.வின் நடத்தைக்கோவை இதைச் சொன்னது 1979இல். கோவிந்தனுக்கு 39 வருடம் பிந்தி!

ஐ.நா. கோவையில் எட்டே உறுப்புரைகள். அளவு போதும். மீறினால் யாரிடம் போவது என்பதுதான் முக்கியம். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யும் வழியைத் தமிழில் அச்சிட்டு பொலிஸ் நிலைய வாசலில் ஒட்டுவேன், பிரட்டுக்களத்திலும் ஒட்டுவேன்.