பெரிய இடத்துக்கு ஒரு விண்ணப்பம்

தென்கொரியா, தேஜான் நகரத் தேசியத் தகவல் வள மையத்தார் சமூகத்துக்கு,

2025 செப்டம்பர் 26 இரவு, லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும்போது பிடித்த தீ, அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமிக்கும் ஜி-டிரைவை 858 டெராபைட்டோடு சாம்பலாக்கியது. பேக்கப் எங்கே என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதிலில்தான் ஊரே மெய்சிலிர்த்தது: கொள்ளளவு பெரிது, அதனால் வெளியே நகல் வைக்கவில்லை.

தேர் பெரிது, ஆகவே முட்டுக்கட்டை வேண்டாம்! இந்த ஞானம் சின்னவர்களுக்கு வருமா?

மையத்தாரின் மனசும் பெரிது. 2022 அக்டோபரில் பாங்யோவில் ஒரு தரவு மையம் தீப்பிடித்து, செய்திச் செயலி நடத்தும் காகாவோ முடங்கியபோது, அரசு அந்த நிறுவனத்தை வறுத்தெடுத்தது. தேஜானே எரிந்தாலும் மூன்று மணி நேரத்தில் மீட்டுவிடுவோம் என்று அப்போதைய மையத் தலைவர் ஆறுதலும் சொன்னார். எவ்வளவு பெரிய வாக்கு!

ஆவணங்களை மேசைக் கணினியில் வைக்காதீர்கள், ஜி-டிரைவில் போடுங்கள் என்பது 2018 முதல் இருந்த உத்தரவு. ஆளுக்கு 30 ஜிபி இடம். பணியாளர் மேலாண்மை அமைச்சகம் சொல் தட்டாமல் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டியது. உத்தரவை மதித்தவர்களுக்குத்தான் அதிக இழப்பு. ஏழு வருட வேலை அது. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதி என்ற ஏற்பாட்டுக்கு யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே, அந்தக் கை கூசவில்லையா?

மன்னிக்க வேண்டும். பெரியவர்கள் முன் குரல் உயரலாகாது.

சின்னவர்களின் பிழைப்பு வேறு. முதலில் முழு நகல், பிறகு அன்றன்று மாறியதை மட்டும் எடுப்பார்கள். ஒரு பிரதி வேறு ஊருக்குப் போய்விடும். எல்டிஓ-9 காந்த நாடா ஒன்றில், சுருக்காமலே, 18 டெராபைட் அடங்கும். உள்ளங்கை அளவுதான் இருக்கும். மையத்தாரின் மாபெரும் 858-க்குச் சுமார் ஐம்பது நாடா போதும். ஒரு பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம். பெரியவர்களுக்குப் பீரோ கண்ணில் படாதுதான்.

எடுத்து வைத்தாலும் நிம்மதி இல்லை. 2017 ஜனவரி 31-இல் நிரல்களைச் சேமித்துத் தரும் கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் சுமார் 300 ஜிபி தரவை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் பெட்டி காலி. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் பேக்கப் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது; அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்த பிரதிதான் மானத்தைக் காத்தது. அவர்கள் நடந்ததை ஒளிக்காமல் எழுதி, மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். சின்ன ஆட்கள், பாவம்.

ஆகவே மையத்தார், மீட்பு ஒத்திகைக்கு ஒரு நாள் குறிக்க வேண்டுகிறோம். பிரதான சேமிப்பகத்தின் கேபிளை உருவிவிட்டு, அந்த மூன்று மணி நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்க்கலாம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் அதிகம் வரும். மண்டபம் மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு சின்ன பென்டிரைவ்காரர்