சனிப்பொணமும் ஒரு கோழியும்

வாலே பேரப்புள்ள, உக்காரு. பேய்ப்படத்துக்குக் கதை பண்ணுதியாமே, பண்ணு. நம்ம குடும்பத்துல உழைச்சுச் சாப்பிட்டவன் எல்லாம் போயாச்சு. நீயாவது பேயை உழைக்கவிட்டு உக்காந்து சாப்பிடு.

உன் கதையக் கேட்டேன். ஊருக்கு வெளிய ஒரு பங்களா. வாடகை மலிவுன்னு ஒரு குடும்பம் குடிவருது. ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கரண்டு போகுது. வெள்ளச்சேல கட்டி, தலைய விரிச்சுப்போட்டு ஒருத்தி வாரா. இடைவேளைக்குப் பிறகு அவளக் கொன்னது யாருன்னு பிளாஷ்பேக். கடைசியில சாமி வந்து கணக்கு முடிக்குது. அடேயப்பா! இத யோசிக்கவா மெட்ராஸ்ல ரூம் எடுத்துக் கிடந்த? 'அரண்மனை' 2014-ல தொடங்கி 2024-க்குள்ள நாலு பாகம் வந்தாச்சு. உன் பேயும் அங்க போய் நின்னா வாடகையப் பங்குபோட்டுக்கிட வேண்டியதுதான்.

1993-ல மலையாளத்துல 'மணிச்சித்திரத்தாழ்' வந்துச்சுல்லா, அதுல பேயின்னு வர்ற ஆட்டக்காரி தஞ்சாவூர்க்காரி. தமிழு பேசுனா. அதே கதை கன்னடம் வழியா 2005-ல 'சந்திரமுகி'ன்னு நம்மகிட்ட வந்தப்போ தெலுங்குக்காரி ஆயிட்டா. 2007-ல இந்திக்குப் போனா, வங்காளம் பேசுதா. சூச்சுமம் புரியுதாலே? எந்த ஊர்க்காரனுக்கும் பேயின்னா அடுத்த ஊர்க்காரியாத்தான் இருக்கணும்! அத்தனைக்கும் அதுல பேயே கெடையாது, மனக்கோளாறுன்னு படமே சொல்லுது. கதை எழுதுன மது முட்டத்துக்குப் பயம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியும். உனக்கு வெள்ளச்சேல விக்கிற கடைதான் தெரியுது.

பேய் எப்படி இருக்கும்னு யோசிக்காத. உசுரோட இருக்கவன் என்ன வாக்குக் குடுத்தான், என்ன பாக்கி வச்சான், அதப் பாரு. திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூர் நீலி கதை கேட்டிருக்கியா? கள்ளிக்கட்டையப் புள்ளையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, 'இவரு எம் புருசன்'னு ஒரு வணிகன் பின்னாலயே வாரா. 'ஐயோ, இவ பேயி, என் பொண்டாட்டி இல்ல'ன்னு அவன் அலறுதான். பஞ்சாயத்துல வேளாளப் பெரியவங்க எழுவது பேரு. புள்ளையப் பாத்தாங்க, அவ கண்ணீரப் பாத்தாங்க. 'உனக்கு ஒண்ணுன்னா எங்க உசுரு'ன்னு வாக்குக் குடுத்து அவன அவளோடயே அனுப்பிட்டாங்க. விடிஞ்சா அவன் பொணம். எழுவது பேரும் சொன்ன சொல்லுக்குத் தீயில எறங்குனாங்க. நீலி கொன்னது ஒருத்தனத்தான், மிச்சப் பேரக் கொன்னது வாக்கு. அந்தக் கதையில என்ன நடுங்க வைக்கிறது நீலி இல்லடே, நியாயமாப் பேசுன அந்தப் பஞ்சாயத்துதான்.

நம்ம சினிமா ஆளுகளும் புதுசாச் செய்யாம இல்ல. 2009-ல 'ஈரம்' தண்ணியவே பேயாக்குச்சு. அதே வருசம் 'யாவரும் நலம்' டிவி சீரியலுக்குள்ள பேயைக் குடிவச்சுது. குழாயும் டிவியும் இல்லாத வீடு உண்டா?

சும்மா ஏசிட்டு விடமாட்டேன், ஒண்ணு தாரேன், எடுத்துக்கோ. சனிப்பொணம் தனியாப் போகாதுன்னு பாடையில கோழி கட்டிவிடுவோம்லா? பெரிய வீட்டுக் கிழவி சனிக்கிழம போயிட்டா. பாதி வழியில கோழி கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு. பாடை தூக்குன நாலு பேரும் பாத்தாங்க, ஒருத்தனும் வாயத் தொறக்கல. பதினாறாம் நாளுக்குள்ள தொணைக்குப் போகப்போறது யாரு? நாலு பேருக்கும் தூக்கம் போச்சு. யாராவது ஒருத்தன் போயிட்டா மத்தவங்க தப்பிச்சாங்க. அதுல ஒருத்தன் வீட்டுல சீக்காளித் தகப்பன் கிடக்காரு. அன்னைக்கு ராத்திரி மாத்திரை குடுக்க மறந்துட்டேங்கான். நெசமாவே மறந்தானான்னு படம் பாக்கிறவன் கெடந்து தவிக்கணும். பேயி ஒரு சீன்ல கூட வராது. மேக்கப் செலவு மிச்சம்னு தயாரிப்பாளர் உன்னக் கும்பிடுவாரு.

போய் எழுது. காமெடிக்கு ரெண்டு பேரு வேணும்னு கேட்டாங்கன்னா சேத்துக்கோ, வயித்துப்பாடு. ஆனா இடைவேளைக்குப் பிறகு அந்தக் கோழிக்கு ஒரு பிளாஷ்பேக் வச்சேன்னா, கதை குடுத்தது நான்னு வெளிய சொல்லிராதலே.