உங்க வெயிட் எவ்வளவு சார்?

பெரம்பலூருக்கு ரயில் நிலையம் கிடையாது. என் கார் சீட் கிழிந்ததற்கு மூலகாரணம் அதுதான் என்று வீட்டில் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை. நீங்களாவது யோசித்துப் பாருங்கள். ரயிலேற வேண்டுமென்றால்கூட நாங்கள் அரியலூருக்குத்தான் போகவேண்டும். வீடு பெரம்பலூரில், வேலை அரியலூரில் என்று அமைந்துவிட்டவனுக்குச் சாலையை விட்டால் கதியில்லை. பஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு அதில் உட்கார இடம் இருக்காது. இது உட்காருவதைப் பற்றிய கட்டுரை.

அரியலூர் மாவட்டம் 2001 ஜனவரியில் பிறந்தது. அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்தது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனிக்குடித்தனம் போனது. கோப்பு, ஜீப்பு, நாற்காலி என்று எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் விட்டுப்போனவன் நான் ஒருவன்தான். பேரளி பக்கம் ஏதோ ஒரு சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால், மாமனார் ஓட்டித் தேய்த்து விற்க மனமில்லாமல் எனக்குக் கொடுத்த சின்னக் காரில் உட்கார்ந்திருக்கிறேன்.

உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அமிழ்ந்திருந்தேன். டிரைவர் சீட்டில் முதலில் போவது வலது ஓரம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு உடம்பையும் அந்த ஓரத்தில்தான் தேய்க்கிறோம். அங்கே ரெக்சின் கிழிந்தது. கிழிசல் வழியாக வெயிலும் தூசியும் உள்ளே போயின. ஃபோம் என்பது எண்ண முடியாத சின்னச் சின்னக் காற்றறைகள். வருடக்கணக்காக மேலே உட்கார்ந்தால், ஈரமும் சூடும் மாறி மாறி ஏறினால், அறைகளின் சுவர் உடைந்து மஞ்சள் பொடியாகக் கொட்டும். கொட்டியது. ஃபோம் இறங்க இறங்க, அடியிலிருந்த கம்பி மேலே வந்தது. ஸ்டியரிங்குக்கு மேலாகச் சாலையைப் பார்த்தவன், அதன் வளையத்துக்குள் கண்ணை விட்டுப் பார்க்கும் நிலைக்கு வந்தேன். எதிரே வருகிறவர்கள் ஆளில்லாத கார் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். அது ஒரு வகையில் சௌகரியமாகத்தான் இருந்தது.

"ஏங்க, உங்க பேன்ட்டு எல்லாம் ஒரே எடத்துல கிழியுதே" என்று துணி மடிக்கும்போது மனைவி கேட்டாள். துப்பறிவாளர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

செய்தி வெளியே தெரிந்ததும் யோசனைகள் வந்தன. முதல் யோசனை அத்தையுடையது: "இலவம்பஞ்சு அடைச்சிருங்க மாப்ள. ஒடம்புக்குக் குளிர்ச்சி." இலவம்பஞ்சை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உள்ளே குழலாக இருக்கும் இழை அது. மேலே மெழுகுப் பூச்சு வேறு, தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் அங்கிகளுக்குள் இந்தப் பஞ்சைத்தான் அடைத்தார்கள். ஆகவே என் கார் ஏரிக்குள் இறங்கினால், கார் மூழ்கினாலும் சீட்டும் நானும் மிதப்போம். ஆனால் மிதக்காத நாட்களில் பஞ்சு கட்டி கட்டியாக ஒதுங்கிவிடும். தலையணையைத் தட்டிப் போடலாம்; டிரைவர் சீட்டைத் தினமும் காலையில் யார் தட்டுவது?

அடுத்து பக்கத்து வீட்டுக்காரர். ஆயுள் முழுக்கப் பஸ்ஸில் கண்டக்டராக நின்று ஓய்வு பெற்றவர். சீட்டைப் பற்றி உலகத்திலேயே அதிகம் யோசித்தவர்கள், அதில் உட்கார முடியாத கண்டக்டர்கள்தான். "தேங்காய் நாருல ரப்பர் பால் ஊத்திச் செய்வாங்களே, அதைப் போடு தம்பி. காத்து உள்ள போய் வரும்" என்றார். உண்மைதான், வியர்க்காது. ஆனால் பழசானால் ரப்பர் விட்டு நார் பொடியும், பேன்ட்டில் குத்தும். கம்பிக்குப் பதில் நார் என்பதை முன்னேற்றம் என்று மனைவியிடம் நிரூபிக்க முடியாது.

மகன் கைபேசியைக் காட்டினான். ஜெல் குஷன், வீட்டுக்கே வரும், சீட்டின் மேல் வைத்தால் போதும். பள்ளத்தின் மேல் மெத்தை வைத்தால் மெத்தையும் பள்ளமாகும் என்று அவனுக்குச் சொன்னேன்.

கடைசியில் அரியலூரில் ஒரு குஷன் கடைக்குப் போனேன். லாரி சீட்டுகளுக்குப் பேர்போன கடை. வாசலில் லாரி சீட்டுகள் அவிழ்ந்து கிடந்தன. அந்த மனிதர் என் காரைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்க்கவில்லை, என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"உங்க வெயிட் எவ்வளவு சார்?"

சொன்னேன்.

"அது கல்யாணத்தப்ப. இப்ப?"

மருத்துவரிடம்கூட நான் மறைத்து வைத்திருந்த எண்ணை, கையில் கத்தியோடு நின்ற அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. "நாப்பது டென்சிட்டி" என்று தீர்ப்பு வழங்கினார்.

டென்சிட்டி என்றால் ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை. நாற்பது டென்சிட்டி என்றால் 40 கிலோ. அதே அளவு அரியலூர் சுண்ணாம்புக்கல்லைப் பெயர்த்து எடுத்தால் ஏறக்குறைய இரண்டரை டன் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நான் இருக்கிறேன் என்பதை அவர் கண்ணாலேயே அளந்துவிட்டார். டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு என்பதையும் அவர்தான் விளக்கினார். கையால் அமுக்கிப் பார்த்து மெத்தென்று இருக்கிறது, கல்லாக இருக்கிறது என்று சொல்கிறோமே, அது கெட்டித்தன்மை. எத்தனை வருடம் உழைக்கும் என்பதைச் சொல்வது டென்சிட்டி. சோபாக்காரர்கள் விற்கும் மெல்லிசு ஃபோம் அமுக்கும்போது அழகாகத்தான் இருக்கும், ஒரு மழைக்காலம் தாண்டாது என்றார். லாரி டிரைவர் நாளெல்லாம் சீட்டில் இருப்பவர். அவர் குறை சொல்லாத ஃபோமை வாங்கினால் கார்க்காரனுக்குக் கவலையில்லை என்பது கடைக்காரரின் கொள்கை. எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

இந்த ஃபோமுக்குப் பின்னால் இருக்கும் பாலியூரிதீன் வேதியியலை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்பவர் கண்டுபிடித்தார். அவர் மட்டும் அத்தையைச் சந்தித்திருந்தால் விஷயம் இலவம்பஞ்சோடு முடிந்திருக்கும்.

காரைக் கடையிலேயே விடலாம் என்றால் லாரி சீட்டுகள் முடிந்துதான் என் முறை வரும். "போல்ட்டு நாலு. நீங்களே கழட்டி மாட்டிக்கலாம் சார்" என்று ஃபோமை வெட்டிக் கொடுத்தார். கூடவே ஒரு சணல் சாக்கு. சிமெண்ட் ஊரில் சாக்குக்கா பஞ்சம், வீட்டில் நிறைய கிடக்கிறதே என்றேன். சிமெண்ட் சாக்கு பிளாஸ்டிக், ஒவ்வொரு குலுக்கலுக்கும் கரகரவென்று சத்தம் போடும், சணல்தான் வேண்டும் என்றார். கம்பிக்கும் ஃபோமுக்கும் நடுவில் அதை விரிக்காவிட்டால், கம்பி புது ஃபோமையும் அறுத்துவிடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சீட்டைக் கழற்றினேன். துருப்பிடித்த போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்து திருப்பினால் வரும். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. என் கார் பழையது. புதுக் கார்களில் பலவற்றுக்குச் சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கிறது. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒயர் இணைப்பு தெரிந்தால் அது அந்த வகை. அதை வீட்டில் நோண்டாதீர்கள், அதற்கு மேல் தைத்து மூடவும் மூடாதீர்கள்.

சீட்டைத் தூக்கியதும் கீழே தெரிந்தது சாதாரணக் குப்பை இல்லை. எங்கள் பகுதி மண், டைனோசர் காலத்துக் கடல் தரை. பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் 1862இல் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்காகப் பிரித்து எழுதினார். என் சீட்டடியிலும் மூன்று அடுக்கு இருந்தது. மேலடுக்கில் வேர்க்கடலைத் தோல், பெட்ரோல் ரசீது, சிறுவாச்சூர் கோயில் குங்குமப் பொட்டலம். நடு அடுக்கில் மகனின் பென்சில் துருவி, பிறகு மனைவியின் ஒற்றை ஜிமிக்கி. அதை நான் அடகு வைத்துவிட்டேன் என்று இதுநாள்வரை நிலவிய வரலாறு அங்கேயே திருத்தி எழுதப்பட்டது. அடி அடுக்கு மாமனார் காலம். 2011 ஜூனோடு செல்லாமல் போன இருபத்தைந்து பைசாக்கள், ஒரு சுண்ணாம்பு டப்பா, அதன் கீழே ஒரு சிகரெட் பெட்டி. வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்று அத்தையால் ஊரெங்கும் சான்றளிக்கப்பட்டவர் மாமனார். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. எல்லாப் படிவங்களும் காட்சிக்கு வைக்க வேண்டியவை இல்லை.

சீட்டை வாசலில் வைத்ததும் போகிற வருகிறவர்கள் எல்லாரும் அதில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார்கள். உட்கார்ந்தவர்கள் எல்லாரும் பின்பக்க லீவரை இழுத்துச் சாய்ந்து பார்த்தார்கள். அத்தையும் உட்கார்ந்தார். "காருல இருந்ததைவிட இங்க நல்லாருக்கு மாப்ள, இங்கயே போட்டுருங்க" என்றார். அவரை எழுப்புவதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது.

வேலை அப்படி ஒன்றும் கடினமில்லை. உறையைக் கம்பியோடு பிடித்திருக்கும் இரும்பு வளையங்களைக் குறட்டால் வெட்டி எடுத்துவிட வேண்டும். திரும்ப மாட்டும்போது அவற்றுக்குப் பதில் பிளாஸ்டிக் கேபிள் டை போதும். ஃபோமைப் பழைய அளவுக்கு மேல் அரை அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும், அப்போதுதான் உறை விறைப்பாக நிற்கும். ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, உடனே ஒட்டாமல், விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு அப்புறம் அழுத்த வேண்டும். உறை ஏறாமல் அடம் பிடித்தால், ஃபோமை ஜவுளிக்கடைப் பையால் சுற்றி நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ரெக்சினை முதலில் சூடு காட்டி இளக வைக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு வெளியூர்க்காரர்கள் தனியாகக் கருவி வாங்குகிறார்களாம். பெரம்பலூரில் பன்னிரண்டு மணிக்கு உறையை மொட்டைமாடியில் போட்டால் போதும். எடுக்கத்தான் கையுறை வேண்டும்.

மிஞ்சியது பழைய ஃபோம். போகிக்கு எரித்துவிடலாம், எடுத்து வை என்றார் கண்டக்டர். இந்த ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். பழையன கழிவதோடு நாமும் கழிந்துவிடுவோம் என்றேன். தெருநாய்க்கு விரித்தோம். அது முகர்ந்து பார்த்துவிட்டு மண்ணிலேயே படுத்துக்கொண்டது. மறுநாள் குப்பை வண்டியோடு வந்த அம்மா, "இது மக்குமா, மக்காதா சார்?" என்று கேட்டார். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் பல கோடி ஆண்டுகளாக மக்காமல் கல்லாகிக் கிடக்கிறது, ஃபோமும் அவசரப்படாது. மக்காத பக்கத்தில் போடச் சொன்னேன்.

இப்போது நான் பழைய உயரத்தில் உட்காருகிறேன். மூன்று கண்ணாடிகளையும் திருப்பி வைக்க வேண்டியிருந்தது. பேன்ட் கிழிவதில்லை. ஆனால் பேரளி தாண்டினால் கார் அதே குலுக்கு குலுக்குகிறது. குஷன்காரரிடம் முறையிட்டேன். "அது சீட்டு வேலை இல்ல சார், ஷாக் அப்சார்பர் வேலை" என்றார். அதை மெக்கானிக்கிடம்தான் கொடுக்கப் போகிறேன். நீங்களே வீட்டில் மாற்றிவிடலாம் என்று தயவுசெய்து யாரும் யோசனை சொல்லிக்கொண்டு வராதீர்கள்.